மேடைக்கு அடியில் வசந்தினி

திருகோணமலைப் பாலையூற்றில் வசந்தினியையும் நிசாந்தையும் தெரியாதவர்கள் குறைவு. கல்யாணம், கோயில் திருவிழா, பாடசாலைப் பரிசளிப்பு என்று எது நடந்தாலும் அவர்களுடைய ஒலிபெருக்கிகள்தான் வந்து இறங்கும். மண்டபத்தின் பின்பக்கத்தில் மிக்சர் மேசை. அதற்குப் பின்னால் ஒட்டிப் போட்ட இரண்டு பிளாஸ்டிக் கதிரைகள். நிகழ்ச்சி தொடங்கினால் முடியும்வரைக்கும் இருவரும் எழும்பமாட்டார்கள்.

"மகள் கம்பஸ் போயிட்டாள், இதுகள் இன்னும் ஒட்டிக்கொண்டு இருக்குதுகள்" என்று பெண்கள் தங்களுக்குள் சொல்லிச் சிரிப்பார்கள். நிசாந்தும் விட்டுக்கொடுக்கமாட்டான். "இவ பக்கத்தில இல்லாட்டி எனக்குக் கை ஓடாது" என்பான்.

அவன் பகிடியாகச் சொன்னது எவ்வளவு உண்மை என்று வசந்தினிக்கு மட்டுந்தான் தெரியும். நிசாந்துக்குக் காது போய் நாலு வருசம் ஆகியிருந்தது.

முதலில் இடது காதில் ஒரு விசில் சத்தம் வந்தது. பிறகு வலது காதிலும். கொஞ்ச நாளில் கைபேசி அடிப்பது கேட்கவில்லை, குசினியில் இருந்து அவள் கூப்பிடுவது கேட்கவில்லை. இத்தனை வருசம் ஸ்பீக்கர் பெட்டிகளுக்குப் பக்கத்தில் நின்றதால் வந்தது என்று டாக்டர் சொன்னார். திருகோணமலையில் காட்டினால் ஆராவது காண்பார்கள் என்று இருவரும் கண்டிக்குப் போய்த்தான் காட்டினார்கள். காதில் போடும் மிசின் ஒன்றும் வாங்கி வந்தார்கள். வந்த அன்றைக்கே நிசாந் அதை அலுமாரியில் வைத்துப் பூட்டினான்.

"மிசினைப் போட்டுக்கொண்டு போனா சவுண்ட் செய்ய ஆர் என்னைக் கூப்பிடுவாங்கள்? ஒருத்தருக்கும் சொல்லப்படாது. பிள்ளைக்கும் சொல்லாத."

அன்றிலிருந்து வசந்தினியின் முழங்கால் அவனுக்குக் காதாக இருந்தது. மேசை விரிப்புக்கு அடியில் அவள் தன் முழங்காலால் அவன் தொடையைத் தட்டுவாள். ஒரு தட்டு என்றால் மைக் கீச்சிடுகிறது. இரண்டு என்றால் பாடுகிறவரின் குரல் அமுங்கிப் போயிருக்கிறது. அழுத்திப் பிடித்தால் எல்லாவற்றையும் குறைக்கவேண்டும். அவன் சனத்தைப் பார்த்துச் சிரித்தபடியே கையை நகர்த்துவான். நன்றாகத்தான் நடந்தது. ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை.

ஆனால் வசந்தினியால் அந்தக் கதிரையை விட்டு எழும்ப ஏலாமல் போய்விட்டது. நிகழ்ச்சி நாட்களில் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்கமாட்டாள், இடையில் எழும்பவேண்டி வரும் என்று. காய்ச்சல் என்றாலும் போகவேண்டும். வெருகலில் அக்காவின் மகளுக்குச் சாமத்தியச் சடங்கு வைத்தபோது அன்றைக்கு மூதூரில் ஒரு கல்யாணம் இருந்தது. அக்கா போனில், "நீங்கள் இப்ப பெரிய ஆக்கள்தானே" என்று சொல்லி வைத்துவிட்டாள். வசந்தினிக்குப் பதில் வாய்வரை வந்தது. சொல்லியிருந்தால் நிசாந்தின் காதைப் பற்றியும் சொல்லவேண்டி வந்திருக்கும்.

இதற்குள்தான் ஷிஃபானா கேட்கத் தொடங்கினாள். அவளும் வசந்தினியும் ஒரு காலத்தில் ஷிஃபானாவின் வாப்பா ஸெய்னுதீனின் ரேடியோ திருத்தும் கடையில் பக்கத்துப் பக்கத்து மேசையில் இருந்து ஈயம் பற்றவைத்தவர்கள். நிசாந்தை வசந்தினி கண்டதும் அந்தக் கடையில்தான். இப்போது ஷிஃபானா வீட்டுக்குப் பின்னால் ஒலிப்பதிவு அறை ஒன்று கட்டியிருந்தாள்.

"வசந்தியக்கா, கேட்கிறதுக்கு நல்ல காது உள்ள ஆள் ஒண்டு எனக்குத் தேவை. நீங்க வாங்க."

"ஏலாது ஷிஃபானா."

"ஏன் ஏலாது? மச்சான் விடுறாரில்லையா?"

"அப்பிடி இல்லை."

"அப்ப என்ன?"

வசந்தினி ஒவ்வொரு முறையும் வேறு கதைக்குப் போய்விடுவாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை டவுனில் உட்துறைமுக வீதிப் பக்கமாக ஒரு மண்டபத்தில் நடன அரங்கேற்றம். ஆடப்போகிற பிள்ளை லதுசா. அவளுடைய அப்பா ஊரில் பெயர் தெரிந்த கண் டாக்டர். மட்டக்களப்பில் இருந்து பாட்டுக்காரர், யாழ்ப்பாணத்தில் இருந்து மிருதங்கம், வயலின் என்று எல்லாரையும் அழைத்திருந்தார்.

சாமான் ஏற்றிக்கொண்டு போகும்போது வானுக்குள் வசந்தினி கதையைத் தொடங்கினாள். அவனுக்கு விளங்கவேண்டும் என்றால் உரத்துச் சொல்லவேண்டும். மெதுவாகச் சொல்லவேண்டிய விசயங்களையும் அவள் உரத்துத்தான் சொல்லிப் பழகியிருந்தாள்.

"ஷிஃபானா திரும்பக் கேட்டவ. கிழமையில ரெண்டு நாளாவது போறனே."

"போ. ஆர் மறிச்சது?"

"இப்பிடிச் சொன்னா நான் என்னெண்டு போறது?"

"போறதெண்டா ஒரேயடியாப் போ. நான் எல்லாத்தையும் வித்துப்போட்டு வீட்டில இருக்கிறன்."

வசந்தினி மடியில் கிடந்த கேபிள் சுருளை இறுக்கிக் கட்டத் தொடங்கினாள்.

அந்த மண்டபத்தின் மேடை மரத்தால் ஆனது. பலகைகளுக்கு அடியில் இடுப்பளவு உயரத்துக்கு வெறும் இடம். பின்பக்கத்து மேசையில் இருந்து வரும் கேபிள் நிலத்துக்குள்ளால் போய் அந்த இடத்தில்தான் வெளியே வரும். அங்கே வசந்தினி தன் கையால் செய்த இரும்புப் பெட்டி ஒன்றை வைப்பாள். ஸ்பிளிட்டர் பெட்டி. ஒரு கேபிள் அதற்குள் போகும், மூன்று வெளியே வரும். ஒன்று இடது பக்க ஸ்பீக்கருக்கு, ஒன்று வலது பக்கத்துக்கு, மற்றது மேடைக்கு அடியிலேயே சனத்தைப் பார்த்தபடி வைத்திருக்கும் சப்வூஃபருக்கு. பேஸ் பெட்டி என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். அடிச்சத்தம் முழுக்க அதில் இருந்துதான் வரும்.

ஒவ்வொரு கேபிளுக்குள்ளும் மூன்று கம்பி. ஒன்று தரைக்கு. மற்ற இரண்டிலும் போவது ஒரே பாட்டுத்தான், ஒன்றில் நேராக, மற்றதில் தலைகீழாக. வழியில் லைட் வயர்களில் இருந்து ஏறுகிற இரைச்சல் இரண்டிலும் ஒரே மாதிரி ஏறும். ஸ்பீக்கருக்குள் போனதும் தலைகீழாக வந்ததைத் திருப்பி மற்றதோடு சேர்ப்பார்கள். பாட்டு இரட்டிப்பாகும், இரைச்சல் ஒன்றையொன்று அழித்துவிடும். இரண்டில் ஒரு கம்பி அறுந்தாலும் பாட்டு வரும். ஆனால் பாதியாக வரும், இரைச்சலோடு வரும்.

அன்றைக்கு வலது பக்கத்தில் அப்படித்தான் வந்தது. மேடை லைட்டுகளைப் போட்டதும் வலது ஸ்பீக்கர் வண்டுமாதிரி இரையத் தொடங்கியது.

"வலப்பக்கம் இரையுது" என்றாள் அவன் காதுக்குக் கிட்டப் போய்.

"ஒண்டும் இல்லையே" என்றான் நிசாந். பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே விளங்கியது. முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

வசந்தினி டோர்ச்சையும் ஈயம் பற்றவைக்கும் கோலையும் எடுத்துக்கொண்டு போனாள். அவளுடைய கைபேசி மேசையில் சார்ஜில் கிடந்தது. மேடைக்கு அடியில் போக, மேடையின் வலது பக்கத்து அடிச்சுவரில் ஒரு சின்னக் கதவு இருக்கிறது. வெளிப்பக்கமாகத் திறக்கும். அவள் குனிந்து உள்ளே போய், எலி வராமல் இருக்கக் கதவை இழுத்துச் சாத்தினாள். அந்த மண்டபத்தில் எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள்.

அறுந்திருந்த கம்பியைக் கண்டுபிடிக்க நேரம் எடுத்தது. பிளக்கைக் கழற்றி, கம்பியைச் சுரண்டி, ஈயம் வைத்து மூடினாள். இரைச்சல் நின்றது. தவழ்ந்து வந்து கதவைத் தள்ளினாள். திறக்கவில்லை.

பக்கவாத்தியக்காரர் இருப்பதற்கான பெரிய மர மேடையை அலங்காரக்காரர் கொண்டுவந்து கதவை மறைத்து அந்தச் சுவரோடு ஒட்டிப் போட்டிருந்தார்கள். அதன்மேல் கம்பளம் விரித்தாகிவிட்டது. ஆட்களும் ஏறி இருந்துவிட்டார்கள். வயலினுக்குச் சுருதி சேர்க்கிற சத்தம் கதவுக்கு அந்தப் பக்கம், அவள் முகத்துக்கு நேரே கேட்டது.

அவள் கையால் தட்டினாள். மெதுவாகத்தான் தட்டினாள். அந்த நேரம் மிருதங்கக்காரரும் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். "அண்ணை, இஞ்ச ஒருக்கா" என்று கூப்பிட வாயெடுத்தாள். அதற்குள் விளக்கேற்றுகிறார்கள் என்று அறிவித்தல் கேட்டது. மண்டபம் முழுக்க எழும்பி நின்றது. தேவாரம் தொடங்கியது.

தேவாரம் படிக்கும்போது மேடைக்கு அடியில் இருந்து கத்த அவளால் ஏலவில்லை. முடியட்டும் என்று இருந்தாள். தேவாரம் முடிந்த மூச்சிலேயே நட்டுவாங்கத் தாளம் விழுந்தது, பிள்ளை மேடைக்கு வந்துவிட்டாள்.

பிறகு கத்தினாள். நன்றாகவே கத்தினாள். அவளுக்கே தன் குரல் கேட்கவில்லை. தலைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் சலங்கைக் கால்கள் பலகையை மிதித்தன. ஒவ்வொரு மிதிக்கும் தூசி கொட்டியது. அவள் பலகையை அடித்தால் அதுவும் ஆட்டத்தோடு சேர்ந்துபோனது. பக்கத்தில் பேஸ் பெட்டி. மிருதங்கத்தின் தொப்பிப் பக்கத்து அடி ஒவ்வொன்றும் அதற்குள்ளால் வந்து அவள் நெஞ்சில் விழுந்தது. பல்லுக்கூடக் கூசியது. முன்பக்கத்தால் போகலாம் என்றால் அந்த இடைவெளியை அந்தப் பெட்டியே அடைத்துக்கொண்டு நின்றது. இரண்டு ஆம்பிளைகள் சேர்ந்து தூக்குகிற பாரம். தோளைக் கொடுத்துத் தள்ளிப் பார்த்தாள். அசையவில்லை.

நிசாந் தேடி வருவான் என்று முதலில் நினைத்தாள். பக்கத்துக் கதிரை வெறுமையாக இருந்தால் அவனால் எப்படி வேலை செய்ய ஏலும்? அலாரிப்பு முடிந்தது, ஜதீஸ்வரம் முடிந்தது. ஒருவரும் வரவில்லை. வானுக்குள் கதைத்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது. நான் கோபித்துக்கொண்டு எங்கேயோ போய் இருக்கிறேன் என்று நினைக்கிறான், அதுதான் வராமல் இருக்கிறான் என்று விளங்கியது.

அவனுக்குக் காது கேட்காவிட்டாலும் அடிச்சத்தம் உடம்பில் தெரியும். காலால் அதைப் பிடிப்பான். அவள் ஸ்பிளிட்டர் பெட்டியில் இருந்து பேஸ் பெட்டிக்குப் போகும் பிளக்கை மட்டும் இழுத்தாள். ஒருமுறை. திருப்பிக் கொடுத்தாள். பிறகு இரண்டு தரம். முழங்காலால் தட்டுவதைப்போலவே.

அவன் விளங்கிக்கொள்ளவில்லை. பேஸ் குறைகிறது என்று நினைத்து மிக்சரில் கூட்டிவிட்டான். அவள் பிளக்கைத் திருப்பிக் கொடுத்தபோது அந்தச் சத்தம் இரு மடங்காக வந்து அவளைத் தள்ளியது. காதைப் பொத்திக்கொண்டு நிலத்தோடு படுத்துவிட்டாள்.

வர்ணம் தொடங்கியது. அரங்கேற்றத்தில் நீளமான உருப்படி அது. படுத்தபடியே எல்லாவற்றையும் கேட்டாள். அந்தப் பிள்ளை நன்றாகத்தான் ஆடினாள், கால் ஓரிடத்திலும் தாளம் தப்பவில்லை. உள்வரும் கேபிள் வசந்தினியின் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. அதை இழுத்தால் மண்டபம் முழுக்க அமைதியாகும். அந்த அமைதியில் அவள் கத்தினால் எல்லாருக்கும் கேட்கும்.

நிசாந்துக்கு மட்டும் கேட்காது. அவன் மிக்சரில் ஏறி இறங்கும் பச்சை வெளிச்சங்களைப் பார்த்து வேலை செய்கிறவன். கேபிள் இங்கே கழன்றாலும் அங்கே வெளிச்சம் ஓடிக்கொண்டுதான் இருக்கும். காலில் அடிச்சத்தம் தெரியாவிட்டால் பேஸ் குறைந்தது என்றுதான் நினைப்பான். இவ்வளவு சனமும் திரும்பி அவனைப் பார்க்கும். நாலு வருசம் மூடி வைத்தது ஒரு பிளக்கில் தொங்கியது.

வர்ணம் முடியும்வரைக்கும் அவள் அசையவில்லை. பிள்ளையின் ஆட்டத்தைக் குழப்ப மனம் வரவில்லை. கைதட்டல் அடங்குவதற்குள் அறிவிப்பாளர் தொடங்கிவிட்டார், அவள் தட்டியது எடுபடவில்லை. உடுப்பு மாற்ற லதுசா உள்ளே போனாள். பிரதம விருந்தினர் பேச வந்தார். பக்கவாத்தியக்காரர் எழும்பாமல் இருந்து கேட்டார்கள். "கலை என்பது" என்று அவர் தொடங்கினார். பின்பக்கத்தில் நிசாந்தின் காலுக்கு எட்டாத அந்தக் குரலும் பேஸ் பெட்டிக்குள்ளால் வந்து அவள் வயிற்றில் இடித்தது.

வசந்தினி கேபிளை இழுத்தாள்.

மூச்சுத் திணறியதால் இழுத்தேன் என்று பிறகு கேட்டவர்களுக்கு அவள் சொன்னாள். உண்மையில் அங்கே காற்று இருந்தது. பலகை இடுக்குகளால் வந்துகொண்டுதான் இருந்தது. அதற்குமேல் அங்கே இருக்க அவளால் ஏலவில்லை, அவ்வளவுதான்.

மண்டபத்தில் நடந்ததை ஷிஃபானா பிறகு சொன்னாள். அவளும் சனத்துக்குள் இருந்தவள். பேசுகிறவரின் வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. சனம் பொறுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பியது. நிசாந் ஒரு கையை மிக்சரில் வைத்தபடி மேடையைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தான். ஆட்கள் கை காட்டினார்கள். இன்னும் கூட்டச் சொல்கிறார்கள் என்று நினைத்துக் கூட்டினான். டாக்டரின் தம்பி மேசைக்கு ஓடிப்போய், "சவுண்ட் இல்லை!" என்று கத்தினார். நிசாந் அவரைப் பார்த்துச் சிரித்து, "ஓம், ஓம்" என்றான்.

"அந்தச் சிரிப்பைப் பார்த்தோடன எனக்கு எல்லாம் விளங்கிட்டு அக்கா" என்றாள் ஷிஃபானா.

அப்போதுதான் மேடைக்கு அடியில் இருந்து குரல் வந்தது. "அண்ணை! கதவைத் திறவுங்கோ! நான் உள்ளுக்க இருக்கிறன்!"

மிருதங்கக்காரர் துள்ளி எழும்பினார். நாலைந்து பேர் சேர்ந்து மர மேடையை இழுத்தார்கள். வசந்தினி தவழ்ந்து வெளியே வந்தாள். தலைமயிரிலும் சட்டையிலும் தூசி. ஆரோ தண்ணீர்ப் போத்தலை நீட்டினார்கள். அவள் அதைக் கையில் வைத்தபடி மண்டபத்தின் அந்தப் பக்கத்தைப் பார்த்தாள். நிசாந் எழும்பி நின்றான். அவளைக் கண்டான், சுற்றியிருந்த முகங்களைக் கண்டான், பிறகு குனிந்து மிக்சரைப் பார்த்தான்.

கேபிளைத் திரும்பக் கொடுக்க ஒருவர் உள்ளே போகவேண்டும். நிசாந் வந்து, அவளிடம் டோர்ச்சை வாங்கிக்கொண்டு குனிந்து உள்ளே போனான். வசந்தினி மேசைக்குப் போனாள். பேஸைக் குறைத்தாள். அரங்கேற்றம் தில்லானாவரைக்கும் அவள் கையால் நடந்தது. நிசாந் வெளியே வந்து, நிகழ்ச்சி முடியும்வரை கதவுக்குப் பக்கத்துச் சுவரில் சாய்ந்து நின்றான். மேசைப் பக்கம் வரவில்லை.

வீட்டுக்கு வந்து சாமான் இறக்கும்போதுதான் வாய் திறந்தான்.

"நீ கோவிச்சுக்கொண்டு போயிட்டாய் எண்டு நினைச்சன். தனியச் செய்து காட்டுவம் எண்டு இருந்தனான்." தூக்கிய பெட்டியைக் கீழே வைத்தான். "கை ஓடேல்ல."

"எனக்குத் தெரியும்."

"பேச்சு முடியுமட்டும் இருந்திருக்கலாம். அதுக்குப் பிறகு நானே தேடி வந்திருப்பன்."

"நாலு வருசம் இருந்தனான்தானே" என்றாள் வசந்தினி.

அவன் அவளுடைய வாயையே பார்த்துக்கொண்டு நின்றான். கேட்டதா இல்லையா என்று அவளுக்குத் தெரியவில்லை. திருப்பிச் சொல்லவும் இல்லை.

பிறகு நடந்தது எல்லாம் நல்லதாக நடந்தது என்று சொல்ல ஏலாது. நிசாந் பல நாள் அவளோடு கதைக்கவில்லை. ஒரு கோயிலும் ஒரு பாடசாலையும் வேறு ஆட்களைப் பிடித்தன. சந்தியில் ஒருவன் அவனைக் கண்டு வாயை மட்டும் அசைத்துக் காட்டிச் சிரித்தான். அன்றைக்கு நிசாந் வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்தான். மகள் போனில் அழுதாள், "என்னட்டச் சொல்லியிருக்கலாமே அப்பா" என்று. அதைக்கூட வசந்தினிதான் கேட்டு அவனுக்கு உரத்துச் சொல்லவேண்டியிருந்தது.

ஒருநாள் அவனாகவே அலுமாரியைத் திறந்து மிசினை எடுத்தான். வலது காதுக்குச் சரிவந்தது. இடது காதுக்கு ஒன்றும் செய்ய ஏலாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மிசினால் ஆட்கள் கதைப்பது விளங்குகிறது, பாட்டு விளங்குவதில்லை. தகரத்துக்குள் இருந்து வருகிறது என்கிறான். அதனால் மிக்சரில் இருப்பதை விட்டான். வான் ஓடுவதும் பெட்டி அடுக்குவதும் கேபிள் இழுப்பதும் அவன் வேலை. சில நாட்களில் சிடுசிடுப்பான், சில நாட்களில் வான் ஓடும்போது பழையபடி பகிடி விடுவான்.

வசந்தினி கிழமையில் இரண்டு நாள் ஷிஃபானாவிடம் போகிறாள். அந்த நாட்களில் மத்தியானச் சாப்பாட்டை அவனே சமைக்கிறான். உப்புக் கூடினாலும் அவள் சொல்வதில்லை.

போன மாதம் கந்தளாயில் ஒரு பாடசாலை விளையாட்டுப் போட்டி. திறந்த மைதானம், நல்ல வெயில். ஷிஃபானாவும் கூட வந்திருந்தாள். அணிநடை முடிந்ததும் அவளை மிக்சரில் இருத்திவிட்டு வசந்தினி எழும்பினாள். நிசாந் வானின் நிழலில், மிசினைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுவிட்டு நித்திரையாக இருந்தான். மைதானத்தின் அந்தக் கரையில் பிளேன்டி கொடுத்தார்கள். ஒரு கோப்பையை வாங்கிக்கொண்டு தாய்மார் இருந்த பக்கமாகப் போய் நின்றாள்.

தங்களுடைய ஒலியை இவ்வளவு தூரத்தில் நின்று அவள் முன்னே பின்னே கேட்டதில்லை. அறிவிப்பாளரின் குரல் தெளிவாக வந்தது. பாட்டுப் போட்டபோது பேஸ் கொஞ்சம் கூடத்தான் இருந்தது. போய்க் குறைக்கவேண்டும் என்று நினைத்தாள். தேத்தண்ணி சூடாக இருந்தது. குடித்து முடித்துவிட்டுப் போகலாம் என்று அங்கேயே நின்றாள்.